பர்மிட் ராஜ்யமும் பழமைவாதிகளும்

2024 நவம்பர்த் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றபோது, மன்னார்குடிக்கு அருகேயுள்ள துளசேந்திரபுரம் என்னும் சிற்றூரிலே கோயில் மணி ஒலித்தது. கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் ஊர் அது. அம்மையார் வாகை சூட வேண்டுமென அர்ச்சனை செய்தனர், அபிஷேகம் செய்தனர். ஆண்டவன் காதில் அது விழுந்ததோ இல்லையோ, அரிசோனா வாக்காளர் காதில் விழவில்லை! தேர்வாளர் வாக்குகளில் டிரம்புக்கு 312, அம்மையாருக்கு 226 என்று முடிவு வந்தது. பால் செலவாயிற்று என்பதைத் தவிர வேறு விளைவு கண்டவர் எவருமில்லை.

அந்தப் பாலைப் பற்றியதல்ல இக்கட்டுரை. வெற்றி பெற்ற அணியின் பின்னே நின்று எழுதுகிறார்களே பழமைவாத ஏட்டாளர்கள், அவர்கள் பேசும் பொருளாதாரத்தைப் பற்றியது. அவர்களுடைய வாதத்தைச் சுருக்கினால் இதுதான்: சர்க்கார் ஒதுங்கி நிற்கட்டும், தொழில் நடத்துவோன் கையைக் கட்டாதே, புதிய பொறி ஒன்று பிறந்தால் சட்டம் என்னும் கடிவாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவராதே. பேசியதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினர். செயற்கை நுண்ணறிவுப் பொறிகளுக்குச் சில காவல்களை விதித்து 2023 அக்டோபரில் பைடன் பிறப்பித்திருந்த ஆணையை, டிரம்ப் பதவியேற்ற அன்றே, 2025 ஜனவரி 20ஆம் நாளே, ரத்து செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டிலே அதே ஆட்சி இந்தியப் பண்டங்கள் மீது 50 விழுக்காடு தீர்வை விதித்தது. திருப்பூர்ப் பின்னலாடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டனர். செப்டம்பரிலே, எச்-1பி என்னும் வேலை அனுமதியைப் புதிதாகப் பெற 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. பொறிக்குக் கடிவாளம் கூடாதாம். பனியனுக்கு வேலி வேண்டுமாம். பொறியாளனுக்குப் பர்மிட் வேண்டுமாம்! 'சர்க்கார் ஒதுங்கி நிற்கட்டும்' என்று சொன்ன அதே வாயிலிருந்துதான் இத்தனையும் வந்தன.

இதென்ன முரண் என்று சிலர் திகைக்கின்றனர். வரலாறு பயின்றோர் திகைக்க வேண்டியதில்லை. இந்த நாடகம் இதற்குமுன் நம் சென்னையிலேயே அரங்கேறியது. தலைமைப் பாத்திரம் ஏற்றவர் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார். ஊரப்பாக்கத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும் எனக்கு ஒரு வசதி உண்டு: அந்த நாடகத்தின் மேடைச் சாமான்கள் பல, எங்கள் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் கிடக்கின்றன. (வரியை நினைத்துவிட வேண்டாம், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலைக்கு அந்த வரி பிறக்கும் முன்பே அந்தப் பெயர்!)

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுக் கூட்டுப் பண்ணையே நாட்டின் எதிர்கால வேளாண்மை என்று தீர்மானம் போட்டது. நிலமுடையோர் நெஞ்சிலே நெருப்பு. அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள், 80 வயது நிறைந்த ஆச்சாரியார், கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்ந்தவர், சென்னையிலே புதுக்கட்சி ஒன்றை அறிவித்தார். சுதந்திராக் கட்சி எனப் பெயர் வைத்தனர். தலைவர் பேராசிரியர் ரங்கா. பொதுச் செயலாளர் மினு மசானி. ஆகஸ்டில் பம்பாயில் மாநாடு கூடியது. யார் யார் வந்தனர்? முடியிழந்த மன்னர்கள் வந்தனர், ஜமீன் இழந்தோர் வந்தனர், ஆலை முதலாளிகள் வந்தனர், பென்ஷன் வாங்கும் ஐ.சி.எஸ்.காரர்கள் வந்தனர். நிலம் பறிபோகுமோ என்று அஞ்சிய நடுத்தர உழவர்களும் வந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. நேரு பண்டிதரின் ஆட்சிக்கு ஆச்சாரியார் சூட்டிய பெயர், 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்.' காசா சுப்பாராவ் 1956இல் தொடங்கிய 'ஸ்வராஜ்யா' ஆங்கில வார ஏட்டிலே, வாசகரை விளித்து வாரந்தோறும் அவர் எழுதிவந்தார். அவர் வாதத்தை ஏற்காதவரும் அதை வாங்கிப் படித்தனர். கிண்டல் கலந்து, கதை கலந்து, எதிரியின் எலும்பில் வலிக்கும்படி எழுதத் தெரிந்தவர். பகை வீட்டார் பந்தியாயினும் சமையல் நன்றாயிருந்தால் நன்று என்றுதானே சொல்ல வேண்டும்!

அமெரிக்காவிலும் அதே காலத்தில் அதே மேகம் திரண்டது. பக்லி என்னும் இளைஞர் 1955இல் 'நேஷனல் ரிவ்யூ' ஏட்டைத் தொடங்கினார். அரிசோனாவின் செனட்டர் கோல்ட்வாட்டர் பெயரில் 1960இல், பழமைவாதியின் மனச்சான்று எனப் பொருள்படும் தலைப்பிலே ஒரு நூல் வெளிவந்தது. அக்கட்சி இளைஞர்களுக்கு அதுவே வேதமாயிற்று. மில்டன் ஃப்ரீட்மன் என்னும் சிகாகோ பொருளாதாரப் பேராசிரியர் 1955இல் டில்லிக்கே வந்து, சர்க்காரின் திட்டங்களைக் குறித்துக் குறிப்பொன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதே ஆண்டு இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர் குழுவில் பி.ஆர். ஷெனாய் என்பார் தன்னந்தனியே மாற்றுக் கருத்து எழுதினார். நோட்டடித்துத் திட்டம் நடத்தினால் விலை ஏறும், கட்டுப்பாடுகளை அடுக்கினால் தொழில் முடங்கும் என்பது அவர் எச்சரிக்கை. அன்று நகைத்தனர். 1966 ஜூனில் டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்த நாணய மதிப்பை 7 ரூபாய் 50 காசு என்று குறைக்க நேர்ந்தபோது, நகைப்பு ஓரளவு அடங்கியது.

பகுத்தறிவாளன் முதலில் செய்ய வேண்டியது, எதிரி சொன்னதில் உண்மை எவ்வளவு என்று அளப்பது. ஆச்சாரியார் சொன்னார் என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. பூணூல் அணிந்தவன் சொன்னாலும் இரண்டும் இரண்டும் நான்குதான். லைசென்ஸ் முறையின் உள்ளமைப்பைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1952இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழிலைப் புதிதாகத் தொடங்க லைசென்ஸ் வேண்டும். இருக்கும் ஆலையைப் பெரிதாக்க லைசென்ஸ். அதே ஆலையில் புதிய பண்டம் ஒன்று செய்ய லைசென்ஸ். ஆலையை இடம் மாற்ற லைசென்ஸ். அதைப் பெற்ற பின், அயல்நாட்டிலிருந்து எந்திரமோ மூலப்பொருளோ தருவிக்க இறக்குமதி லைசென்ஸ் தனி. மூலதனம் திரட்டுவதற்கு டில்லியில் இன்னோர் அதிகாரியின் இசைவு. நூறு வண்டி செய்ய இசைவு பெற்றவன் நூற்றைம்பது செய்துவிட்டால் அவன் திறமைசாலி அல்லன், குற்றவாளி! அகராதியைப் புரட்டிப் பார்த்தாலும் இப்படி ஒரு குற்றம் வேறெந்த நாட்டிலும் எளிதில் அகப்படாது.

இதன் விளைவைக் காண டில்லிக்குப் போகவேண்டாம். தாம்பரம் தாண்டினால் போதும். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1948இல் தோன்றிய நிறுவனம். வான்கார்டு என்னும் கார், பின்னர் ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் பிறந்த ஹெரால்டு அங்கே 1971இல் ஓய்வு பெற்றது. இங்கே உருவத்தைச் சற்றே மாற்றி கெசல் என்ற பெயரில் 1970களிலும் ஓடியது. வெளிநாட்டுக் கார் உள்ளே வர முடியாது. உள்நாட்டில் கார் செய்யும் இசைவு பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வாங்குவோர் ஆயத்தம். போட்டியில்லாத சந்தையில் பொறியாளன் மூளைக்கு என்ன வேலை? 1985இல் அந்நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்றொரு காரை வெளியிட்டது. மேனி, இங்கிலாந்தில் 1976இல் வந்த ரோவருடையது. உள்ளே இருந்த எஞ்சினோ வான்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்தது. பட்டுச்சட்டை போர்த்திய பழங்கிழவர்! சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலை மூடியது. அந்த நிலத்தில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துள்ளன. மின்சார ரயிலில் அதைக் கடந்து செல்லும் இளைஞருள் பலர் அங்கொரு கார் ஆலை இருந்ததை அறியார்.

ஃபோர்டு கதை இதைவிடச் சுவையானது. ஹென்றி ஃபோர்டின் கம்பெனி 1926லேயே இந்தியாவில் கால் ஊன்றியது. சென்னையிலும் வண்டிகளைப் பூட்டி விற்றது. 1953இல் தீர்வைக் கமிஷன், இங்கேயே பாகங்களை உற்பத்தி செய்யத் திட்டம் உடையவர் மட்டும் இருக்கலாம், வெறுமே பூட்டி விற்போர் போகலாம் என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் மூட்டை கட்டின. அந்த முடிவிலே நியாயமே இல்லை என்று சொல்லத் துணியேன். பாகத்தை அங்கே செய்து திருகாணியை மட்டும் இங்கே முடுக்கினால், நம் தொழிலாளிக்குத் திருகாணிக் கூலிதானே மிஞ்சும்! வேலி போட்டதில் பிழையில்லை. வேலிக்குள் நின்றவர்கள் அதையே அரண்மனை மதிலாக்கிக்கொண்டதுதான் பிழை.

யார் அவர்கள்? ஆச்சாரியாரின் ஏட்டை விடவும் சர்க்காரின் சொந்த ஆய்வுகளே இதைத் தோலுரித்தன. 1967இல் ஆர்.கே. ஹசாரி என்னும் பொருளாதார அறிஞர் திட்டக் கமிஷனுக்குக் கொடுத்த அறிக்கை, பிர்லா குழுமம் ஒரே தொழிலுக்குப் பல விண்ணப்பங்களைப் போட்டு லைசென்சுகளை முன்கூட்டியே மடக்கிக்கொண்டதை எடுத்துக்காட்டியது. தானும் தொழில் தொடங்கவில்லை, பிறரும் தொடங்க வழியில்லை. வைக்கோற்போரில் படுத்த விலங்கின் கதையைச் சிறு வயதில் படித்திருக்கிறோம். அது பம்பாயிலும் கல்கத்தாவிலும் படுத்திருந்த கதை பிறகுதான் தெரிந்தது. 1969இல் வந்த தத் குழுவின் அறிக்கையும் அதையே உறுதி செய்தது. பெருமுதலாளியைக் கட்டுப்படுத்தவென்று எழுந்த சட்டம் பெருமுதலாளிக்கே காவற்காரனாயிற்று! டில்லியில் ஆள் வைத்து ஃபைலைத் துரத்த வல்லவனுக்கு லைசென்ஸ். கோவையில் பட்டறை வைத்து மோட்டார் பம்பு செய்யும் சிறியவனுக்கு ரயில் செலவுதான் மிச்சம்.

இந்த இடத்தில் தென்னகத்தின் குரல் ஆச்சாரியாரின் குரலிலிருந்து பிரிகிறது; இளைஞர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். 'லைசென்சே வேண்டாம்' என்றார் அவர். 'லைசென்ஸ் ஏன் டில்லியில் மட்டும்?' என்று கேட்டது திராவிட இயக்கம். உருக்காலை வடக்கே, கனரகத் தொழில் வடக்கே, சேலத்து இரும்போ மண்ணுக்குள்ளே என்ற மனக்குறை 1950களின் மேடைதோறும் ஒலித்தது. 1969இல் கலைஞர் ஆட்சி அமைத்த இராசமன்னார் குழு, 1971இல் தந்த அறிக்கையில், நாடு முழுமைக்கும் இன்றியமையாத தொழில்கள் நீங்கலாக மற்றவற்றின் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. கட்டுப்பாட்டையே ஒழி என்பது ஒரு வாதம். கட்டுப்படுத்தும் கை மக்களுக்கு அருகில் இருக்கட்டும் என்பது வேறு வாதம். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பி எழுதுவோர் இன்றும் உளர்.

இனி ஆச்சாரியாரின் சொந்தக் கணக்கைத் திறந்து பார்ப்போம். சர்க்கார் மக்கள் வாழ்வில் கை வைக்கலாகாது என்ற இவர், 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானவுடன் செய்த முதன்மையான செயல் எது? அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு! அதனால் விழுந்த வருமானப் பள்ளத்தை நிரப்ப 1939இல் அவர் கொண்டுவந்தது, இந்தியாவிலேயே முன்னோடியான பொது விற்பனை வரி. கடைக்காரன் கணக்கு நோட்டுக்குள் சர்க்காரின் மூக்கை முதலில் நுழைத்தவர் லைசென்ஸ் ராஜ்யத்தின் பரம வைரியேதான். மதுவிலக்கு நல்லதா தீயதா என்பது இங்கே வழக்கன்று. சர்க்காருக்கு எல்லை உண்டு என்று கோடு கிழித்தவர், தமக்கு வேண்டியபோது கோட்டைத் தாண்டினார் என்பதே செய்தி.

1952இல் மீண்டும் பதவி. தேர்தலில் நின்று வென்றல்ல, மேல்சபைக்கு நியமனம் பெற்று. ஜூன் மாதத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் வரிசையில் நின்று சலித்த மக்கள் மகிழ்ந்தனர். அது துணிவான செயல் என்று சொல்லத் தயக்கமில்லை. ஆனால் அதே காலத்தில் கைத்தறி நெசவாளர் பட்டினியால் தெருவில் அலைந்தபோது இதே ஆச்சாரியார் மத்திய சர்க்காரிடம் கேட்டது என்ன தெரியுமா? வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்குங்கள், ஆலைகள் அவற்றை நெய்யாமல் தடுங்கள் என்று! விசைத்தறிப் பொறிக்குச் சட்டத்தால் கடிவாளம். கோட்டா ராஜ்யம் இதுவல்லாமல் வேறெது? நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெசவாளன் பட்டினி கிடக்கையில் அண்ணாவும் 1953இல் திருச்சியில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து வீதியில் விற்றார். இரு துருவங்களும் ஒரு புள்ளியில் சந்தித்த அரிய தருணம் அது. பொறி வந்து ஒரு குலத்தின் கஞ்சிக் கலயத்தைக் கவிழ்க்கும்போது 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்று ஆச்சாரியாராலும் இருக்க முடியவில்லை.

பட்டினிக்கு இரங்கிய அந்த மனம், பள்ளிக்கூடத்து வாசலில் கல்லாயிற்று. 1953இல் வந்தது புதுத் தொடக்கக் கல்வித் திட்டம். சட்டசபையின் ஒப்புதலைக் கேளாமலே வந்தது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி; மிச்ச நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். வக்கீல் மகன் வீட்டில் என்ன பழகுவான், சவரத் தொழிலாளி மகன் என்ன பழகுவான் என்பதை விளக்கவும் வேண்டுமோ? குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் அதற்குப் பெயரிட்டார், நாடு கொதித்தது, ஆச்சாரியார் பதவி விலகினார், 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. நான் சுட்ட விரும்புவது ஒன்றுதான். நெல் மண்டிக்காரனுக்குக் கட்டுப்பாடு கூடாது என்று ரேஷனை நீக்கிய அதே கை, மறு ஆண்டிலேயே, குயவன் மகனின் கல்விக்கு மூன்று மணி நேரம் என்று கோட்டா கட்டியது! மண்டியின் கதவைத் திறந்துவிட்டு மாணவன் முன் கதவைச் சாத்தியது. பர்மிட் ராஜ்யத்தின் மிகக் கொடிய பர்மிட், பிறப்பால் வழங்கப்படும் பர்மிட். ஆயிரம் ஆண்டுகளாக இந்நாட்டில் புழங்கிய அந்த லைசென்சைப் பற்றி 'ஸ்வராஜ்யா'வின் பத்திகள் அதே ஆத்திரத்தோடு பேசவில்லை.

இதை நினைவில் இருத்திக்கொண்டு 1964ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் செல்வோம். நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு உணவு விடுதியில் உட்கார உரிமை இல்லை. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின் உணவு மேசையில் அமர்ந்து, பரிமாற மறுத்த பின்னும் எழ மறுத்தனர். அறப்போர் நாடெங்கும் பரவியது. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. கோல்ட்வாட்டர் அதை எதிர்த்து வாக்களித்தார். தனி மனிதர் நடத்தும் விடுதிக்குள் சர்க்கார் புகுந்து யாரை உட்கார வைப்பது என்று சொல்லலாகாதாம். அது சுதந்திரத்துக்கு விரோதமாம்! எவருடைய சுதந்திரம்? கல்லாவில் உட்கார்ந்தவன் சுதந்திரம். வெளியே நிற்பவன் வயிற்றுக்குச் சுதந்திரம் என்ற சொல்லே எட்டவில்லை. நவம்பர்த் தேர்தலில் ஜான்சனுக்கு 486, கோல்ட்வாட்டருக்கு 52. அவர் வென்றவை ஆறே மாநிலங்கள். சொந்த மாநிலமான அரிசோனா ஒன்று. மற்ற ஐந்தும் அடிமை முறை ஆழ வேரோடிய தென் மாநிலங்கள். வரியைக் குறைப்பேன் என்றதற்காகவா மிசிசிப்பி அவருக்கு வாக்களித்தது?

தோல்வி என்று பழமைவாதிகள் துவளவில்லை. கோல்ட்வாட்டருக்காக வானொலி தொலைக்காட்சிகளில் பேசிய ரீகன் என்னும் திரைப்பட நடிகர், 1980இல் நாட்டின் தலைவரே ஆனார். இங்கே சுதந்திராக் கட்சியின் பயணம் வேறு திசையில் சென்றது. 1962இல் பார்லிமெண்டில் 18 இடம். சென்னைச் சட்டசபையில் 6. 1967இல் பார்லிமெண்டில் 44 இடம் பெற்று இரண்டாவது பெருங்கட்சி ஆயிற்று. சென்னையில் தி.மு.கழகத்தோடு கூட்டு, கழகத்துக்கு 137, சுதந்திராவுக்கு 20, காங்கிரசுக்கு 51. குலக்கல்வியை எதிர்த்தவரும் அதைக் கொண்டுவந்தவரும் ஒரே மேடையில்! இந்தியும் அரிசியும் சேர்ந்து செய்த வேலை அது. 1938இல் இந்தியைத் திணித்தவர் பின்னாளில் அதை எதிர்த்து எழுதினார். 1965இன் தியாகத்துக்குப் பின் காங்கிரசை வீழ்த்துவதே முதற்கடமை என்று அண்ணா கணக்கிட்டார். பொருளாதாரத்தில் இருவரும் ஒன்றுபட்டதில்லை. ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்று கழகம் 1967இல் வழங்கத் தொடங்கியதே, அது தானியச் சந்தையில் சர்க்காரின் கை இல்லாமல் நடக்கக்கூடியதா? கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. 1971இல் சுதந்திராவுக்குப் பார்லிமெண்டில் 8 இடமே மிஞ்சியது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் ஆச்சாரியார் மறைந்தார். 1974இல் கட்சியும் வேறொரு கட்சியில் கரைந்தது.

அவர் கேட்டது நடந்ததா? நடந்தது, 1991 ஜூலை 24ஆம் நாள். நடத்தியது நேருவின் காங்கிரஸ்! பதினெட்டுத் தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று நரசிம்மராவ் ஆட்சி அறிவித்தது. தாத்தா நட்ட மரத்தைப் பேரன் வெட்டினான் என்று சுதந்திராவின் பழைய தொண்டர்கள் மகிழ்ந்திருக்கக்கூடும். அதன் பலனை எங்கள் சாலை கண்டது. 1953இல் போன ஃபோர்டு திரும்பிவந்து மறைமலைநகரில் ஆலை எழுப்பியது. 1999இல் ஐகான் கார் வெளிவந்தது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை பெயர் தாங்கிய ஊரில் டெட்ராய்ட் நகரத்துக் கம்பெனி! அடிகளார் இருந்திருந்தால் உந்துவண்டிக்கு நல்ல தமிழ்ப் பெயராவது சூட்டியிருப்பார்.

சந்தை வந்தது, வேலை தந்தது, ஒப்புகிறேன். ஆனால் சர்க்கார் ஒதுங்கி நின்றதாலா வந்தது? நிலம் ஏற்பாடு செய்தது சர்க்கார். மின்சாரம், சாலை, வரிச் சலுகை, எண்ணூர்ப் புதுத் துறைமுகம் எல்லாம் சர்க்கார். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. ஆலைக்குள் நுழைந்த இளைஞர்களில் பெரும்பாலோர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர்கள். காமராசர் காலத்து மதிய உணவு, இட ஒதுக்கீடு, ஊர்தோறும் பள்ளி, பின்னாளில் பொறியியற் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து அவர்களை ஆளாக்கின. மூன்று மணி நேரப் பள்ளித் திட்டம் மட்டும் நிலைத்திருந்தால், லைசென்ஸ் ஒழிந்த அன்று மறைமலைநகர் ஆலையில் வேலைக்கு நிற்கத் தகுதியுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பர்? சந்தையைத் திறந்த சாவி ஒன்று டில்லியில் 1991இல் திரும்பியது. இன்னொன்று சென்னையில் 1954லேயே திரும்பிவிட்டது. பழமைவாத ஏடுகள் முதற்சாவியை மட்டும் படம் பிடித்துப் போடுகின்றன.

வந்த ஃபோர்டு நிலைத்ததா என்றால் அதுவுமில்லை. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரின் கடைசிக் கார் வெளியேறியது. ஈட்டுத்தொகைக்காகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. முதல் முறை டில்லியின் லைசென்ஸ் துரத்திற்று. இரண்டாம் முறை அமெரிக்கத் தலைமையகத்தின் லாபக் கணக்கு அழைத்துக்கொண்டது. வாயிலில் நின்ற தொழிலாளிக்கு இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரிந்திராது. 2024இல் மீண்டும் வருவோம் என்று கடிதம் தந்தனர். 2025 அக்டோபரில் எஞ்சின் தயாரிப்புக்கென்று தமிழ்நாட்டு அரசோடு ஒப்பந்தம் எழுதினர்.

இந்தப் பின்னணியில்தான் இன்று பொறிகளுக்குக் கடிவாளம் கூடாது என்ற குரலைக் கேட்கிறோம். கணிப்பொறிக் கம்பெனிகளில் கணக்கெழுதியும் குறிமுறை எழுதியும் வாழும் நம் இளைஞரின் வேலையை, செயற்கை நுண்ணறிவு எவ்வளவு விழுங்கும் என்று எல்லோரும் கேட்கின்றனர். கைத்தறிக்காரன் 1952இல் கேட்ட கேள்வியே இது; தறி மட்டும் மாறியிருக்கிறது. 2025இல் அமெரிக்கப் பழமைவாதிகள் என்ன செய்ய முயன்றனர் என்பதை மாநில சுயாட்சி பேசும் நாம் மறக்கலாகாது. செயற்கை நுண்ணறிவைக் குறித்து எந்த மாநிலமும் பத்தாண்டுக் காலம் சட்டத்தை நடைமுறைப்படுத்தலாகாது என்று ஒரு விதியை மசோதாவில் நுழைத்து, பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றியும் விட்டனர். மாநில உரிமை, மாநில உரிமை என்று 1964இல் முழங்கிய அதே முகாம்! உணவு விடுதியில் கறுப்பரை ஒதுக்க மாநில உரிமை வேண்டும். கம்பெனியின் பொறியைக் கட்டுப்படுத்த மாநில உரிமை கூடாது. நல்லவேளையாக, ஜூலை 1ஆம் நாள் செனட் சபை 99க்கு 1 என்ற வாக்கில் அதைத் தூக்கி எறிந்தது. எறிந்தவர்களில் டிரம்ப் கட்சிக்காரரும் அடக்கம். தம் மாநிலத்துப் பிள்ளைகளையும் கலைஞர்களையும் காக்கும் சட்டங்கள் செத்துப்போகும் என்று அவர்களுக்கே அச்சம் வந்துவிட்டது.

ஆச்சாரியாரைத் தம் முன்னோராகக் கொண்டாடும் இன்றைய பழமைவாத எழுத்தாளர்கள் அவருடைய 1959ஐ அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றனர். அவருடைய 1962 அவர்கள் பத்திகளில் அருகியே தென்படும். அவ்வாண்டு, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவிற்குத் தலைமை ஏற்று அவர் அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ அதற்குமுன் கண்டிராதவர். வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று வாதாடினார். அணுகுண்டும் ஒரு பொறிதான். அதைச் செய்வோனின் கையைச் சட்டத்தால் கட்டவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. காற்றிலே கலக்கும் நஞ்சு எந்த நாட்டுக் குழந்தையின் எலும்பில் போய்த் தங்கும் என்று கேட்டு ஒருவரும் பர்மிட் வாங்கவில்லை என்ற கவலை அவருக்கு இருந்தது. மறு ஆண்டு, 1963 ஆகஸ்டு 5ஆம் நாள், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை கூடாது என்ற உடன்படிக்கையில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஆச்சாரியார் அப்போது சென்னையில், நேருவின் லைசென்சுகளைத் தாக்கி அடுத்த வாரப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தார்.